முப்பத்தைந்துக்குக் கீழே

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இது தெரியாத புது ஆட்கள், "மேடம் இன்னைக்கு அமைதியா பேசுறாங்க" என்று நம்பிப் பக்கத்தில் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: "உங்க அக்காவுக்கு ரெண்டே நிலைதான்டா. ஒண்ணு கோபம், ஒண்ணு தூக்கம். நடுவுல ஒண்ணும் கிடையாது."

கடைசி மூன்று நான்கு வருஷமாக அவள் என்னைத் திட்டுவது குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயதாகிறது, பக்குவம் வந்துவிட்டது என்று மனைவியிடம்கூடச் சொன்னேன். மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அக்கா திட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்குத்தான் கேட்கவில்லை.

அக்கா ஒரு தகட்டு ஆலையில் மீட்டர் அறைக்குப் பொறுப்பாளர். இரும்புத் தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து அடித்து வண்டிக் கதவு, அலமாரிக் கதவு என்று வடிவம் எடுக்கிற ஆலை. சூடு, அழுத்தம், எடை, நீளம் என்று எதையெல்லாம் ஒரு மிஷின் அளந்து எண்ணாகக் காட்டுகிறதோ, அது ஒழுங்காகக் காட்டுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஆலைக்கே அவள் மீட்டரம்மா. சேர்ந்தபோது பத்தொன்பது வயது. அந்த அறையில் வேறு பெண் கிடையாது. முதல் இரண்டு வருஷம் ஒயர் முனைகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிற வேலையை மட்டும் கொடுத்தார்கள். துடைத்துக்கொண்டே பார்த்தாள், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். எட்டாவது வருஷம், மேலே இருந்தவர் போட்ட கணக்கு தப்பு என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். "துடைக்கிற வேலையைப் பாரும்மா" என்றார் அவர். தப்பு அவருடையதுதான் என்று புரிய மூன்று மாதமும் பிரஸ்ஸில் உடைந்துபோன ஓர் அச்சும் தேவைப்பட்டன. யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கோபத்தை அவள் இன்னும் தண்ணீர் ஊற்றி வளர்த்துவருகிறாள், வாடவே விடவில்லை.

பிரஸ் ஓட்டுகிறவர்கள், "மீட்டரம்மா, கடைசி எண் ஆடிக்கிட்டே இருக்கு" என்று வந்து நின்றால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வெளியில எல்லாமே சரிவு மாதிரி ஏறி இறங்குது. இந்த மிஷினுக்குச் சரிவு தெரியாது, படிக்கட்டுதான் தெரியும். இருநூறு டன் அழுத்தத்தை நாலாயிரம் படியா வெட்டி வச்சிருக்கு. ஒரு படின்னா ஐம்பது கிலோ. ரெண்டு படிக்கு நடுவுல நடக்கிறது எதையும் அது சொல்லாது. பக்கத்துல வெல்டிங் ஓடுது, அந்த இரைச்சல் ஒயருக்குள்ள புகுந்து வருது. கடைசி எண் ஒரு படி மேல போகும், ஒரு படி கீழ வரும். இதுக்குப் போய் வேலையை விட்டுட்டு ஓடி வரணுமா?"

சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், "ஒரு படி ஏற்ற இறக்கம் மாற்றம் அல்ல" என்று ஸ்டிக்கர் அடித்து ஒவ்வொரு மீட்டரின் பக்கத்திலும் ஒட்டினாள். ஆலைக்குக் காது சோதிக்கும் மிஷின் வந்தபோது அதைச் சரிபார்க்கிற பொறுப்பும் அவள் தலையில்தான் விழுந்தது. அதன் நெற்றியிலும் அதே ஸ்டிக்கர். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

என்னை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். நான் அவளைவிடப் பதினொரு வயது இளையவன். முன்பு பார்த்த வேலை போய் எட்டு மாதம் வீட்டில் கிடந்தேன். யாரிடமும் வாய் விட்டுக் கேட்காதவள், எனக்காக இரண்டு அதிகாரிகளின் அறைக்கு வெளியே போய் நின்றாள். பிரஸ் கூடத்தில் இடம் கிடைத்தது.

அந்தக் கூடத்தின் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டியதில்லை, பல்லிலேயே தெரியும். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் காற்று வால்வு ஒரு சீறு சீறும். பன்னிரண்டு பிரஸ், ஒன்று விட்டால் இன்னொன்று. மாதத்துக்கு ஒரு ஜோடி காதடைப்பான் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே எண்ணெயில் ஊறிப் பிய்ந்துவிடும். இன்னொரு ஜோடி கேட்டால் ஸ்டோர்காரர், என்னவோ அவர் வீட்டுச் சொத்தைக் கேட்டதுபோல் பார்ப்பார்.

வருஷத்துக்கு ஒரு தடவை காது சோதனை. முதலுதவி அறையில் சுவரைப் பார்த்து உட்கார வைத்து ஹெட்போன் மாட்டுவார்கள். பின்னால் நர்ஸம்மா ஒரு குமிழைத் திருப்பிச் சத்தத்தின் அளவை வைத்து, ஒரு பொத்தானை அழுத்துவார். மெல்லிய கீச்சு ஒன்று கேட்கும். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், எந்த அளவுவரை விரல் எழுகிறதோ அதை அட்டையில் எழுதுவார். எண் சின்னதாக இருந்தால் நல்ல காது. எண் ஏற ஏற மந்தம். அந்தக் குமிழ் ஐந்து ஐந்தாகத்தான் நகரும்.

சேர்ந்த அன்று எனக்கு முப்பத்தைந்து. அடுத்த நான்கு வருஷமும் முப்பத்தைந்து. அப்புறம் நாற்பது, நாற்பத்தைந்து, மறுபடி நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்தைந்து. ஒவ்வொரு வருஷமும் நர்ஸம்மா போன வருஷத்து அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். ஒரு படிதானே வித்தியாசம். மிஷின் நெற்றியில் மீட்டரம்மாவே எழுதி ஒட்டியிருக்கிறாள். "மாற்றம் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். அதற்கு முந்தைய அட்டைகள் பெட்டிக்குள் போய் உறங்கும். நானும் "மாற்றம் இல்லை" என்று கேட்டுக்கொண்டு மறுபடி பிரஸ்ஸுக்குப் போவேன்.

பத்தாவது வருஷம் பாதியில், கூடத்துக்குள் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்பக்கமாக வந்தது. பின்னால் வரும்போது அது கீச் கீச்சென்று கத்தும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு தகடு அடுக்கிக்கொண்டிருந்தேன். அதன் சக்கரம் என் செருப்பின் குதிகாலைப் பிய்த்த பிறகுதான் திரும்பினேன். ஓட்டினவர் இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"காது செவிடாய்யா உனக்கு?"

ஆமாம் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளியே ஒரு காது டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்ததும் பணியாளர் பிரிவு மேலாளர் என்னைக் கூப்பிட்டார். முப்பது வயதுகூட ஆகாத ஆள். எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொல்வதால் ஆலையில் அவருக்குப் புள்ளிவிவரம் என்று பெயர். பெட்டியிலிருந்து என் முதல் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"சேர்ந்த அன்னைக்கே முப்பத்தஞ்சு. அப்பவே மந்தமான காதுதான். அதை மறைச்சுட்டு வேலைக்கு வந்திருக்கீங்க."

"சார், நல்ல காதோடதான் வந்தேன்."

"அட்டை அப்படிச் சொல்லலையே."

கையில் ஒரு கடிதம் கொடுத்தார். உடல்குறையை மறைத்துச் சேர்ந்ததற்கு ஏழு நாளில் பதில் தர வேண்டும், பதில் திருப்தியாக இல்லையென்றால் வேலை நீக்கம். எனக்கு ஆத்திரத்தில் கடிதத்தை மடிக்க முடியவில்லை. காதையும் பிடுங்கிக்கொண்டு, வரும்போதே அது உன்னிடம் இல்லை என்கிறார்கள். வேலை போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பொய்யன் என்ற பெயரோடு போகத்தான் மனசு ஒப்பவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். கடிதத்தோடு பத்து அட்டையின் நகலையும் கொடுத்திருந்தார்கள். மாமா துணி வெட்டுகிற மேஜையைத் துடைத்துவிட்டு அக்கா அவற்றை வரிசையாகப் பரப்பினாள். முதலிலிருந்து கடைசிவரை விரலை நகர்த்திக்கொண்டே போனாள். கடைசி அட்டையில் விரல் நின்றது. பேசினாள். குரல் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது என்பதை அவள் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"போன வருஷத்தோட மட்டும் வச்சுப் பார்த்திருக்காங்க. ஒரு படி, ஒரு படின்னு நாலு படி ஏறியிருக்கு. முதல் அட்டையோட வச்சுப் பார்க்க ஒருத்தருக்கும் தோணல."

"ஒரு படி மாற்றமே இல்லன்னு நீதானே எழுதி ஒட்டின" என்றேன்.

வேண்டுமென்றே சொன்னேன். அவளுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். மாமாவின் தையல் மெஷின் நின்றது.

"ஆமாடா" என்றாள் அக்கா. "நான்தான்."

அவள் எதிர்த்துக் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் ஒப்புக்கொண்டதில் என் கோபத்துக்கு உட்கார இடம் இல்லாமல் போயிற்று.

பிறகு முதல் அட்டையைத் தனியே எடுத்துப் பார்த்தாள். "இது மட்டும் எனக்கு இடிக்குது. மாமா ஊசியைக் கீழ போட்டா எந்த மூலையில விழுந்துச்சுன்னு சத்தத்தை வச்சே சொல்லுவ. உனக்கு எப்படிடா முதல் நாளே முப்பத்தஞ்சு?"

"அதைப் போய்ப் புள்ளிவிவரத்துகிட்ட சொல்லு. மாமாவோட ஊசியைச் சாட்சிக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றேன்.

மறுநாள் காலையில் அவள் முதலுதவி அறைக்குப் போனது பற்றி நர்ஸம்மா பிறகு என்னிடம் சொன்னார். பிரஸ் கூடத்தில் இருக்கிற எல்லோருடைய முதல் அட்டையையும் கேட்டிருக்கிறாள். மேலாளர் சொல்லாமல் தர முடியாது என்றிருக்கிறார் நர்ஸம்மா. "எனக்கு ஆளைத் தெரிய வேண்டாம், பேரை மறைச்சுட்டுக் குடு. மிஷின் குடுத்த எண்ணைப் பார்க்கிறது என் வேலை" என்றிருக்கிறாள் அக்கா. அறுபத்து மூன்று அட்டைகள். சிலது நாற்பது, ஒன்றிரண்டு நாற்பத்தைந்து, மற்றதெல்லாம் முப்பத்தைந்து. முப்பத்தைந்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

"அறுபத்து மூணு பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே காதோட பொறந்தாங்களா?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாளாம். மிஷினை ஓட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு பிரஸ்ஸின் காற்றும் வெளியேறுகிற பெரிய குழாய். நாளெல்லாம் அது ஸ்ஸ்ஸ் என்று சீறிக்கொண்டே இருக்கும். அறைக்கு வந்து போகிறவர்களுக்கு அது பழகிப்போய், இருப்பதே மறந்துவிட்டது.

பத்து வருஷமாக வருஷம் தவறாமல் அந்த மிஷினைச் சரிபார்த்தவள் அவள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கிக்கொண்டு தன்னுடைய மீட்டர் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்த்தாள். அங்கே ஊசி விழுந்தால் கேட்கும். மிஷின் சரியாகத்தான் இருந்தது. அது உட்கார்ந்திருந்த அறையைச் சரிபார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. மீட்டர்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய குருட்டுத்தனம் இது. அவளைப்பற்றி நான் பெருமையாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதை நினைத்தால் எனக்கு அவள்மேல் இன்றைக்கும் எரிச்சல்தான்.

விசாரணை ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு. மேலாளர் அறையில் என்று போட்டிருந்தது. அக்கா, "பதில் முதலுதவி அறையிலதான் இருக்கு, அங்க வாங்க" என்று சொல்லி அவரை நடக்க வைத்துவிட்டாள். நர்ஸம்மா, மேலாளர், அக்கா, நான்.

"சார், உங்களுக்குக் காது நல்லாக் கேக்குமா?"

"நல்லாத்தான் கேக்குது. ஏன்?"

"உக்காருங்க."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். குமிழை அக்கா தொடவில்லை, நர்ஸம்மாவையே திருப்பச் சொன்னாள். ஐம்பதில் விரல் எழுந்தது. நாற்பதில் எழுந்தது. முப்பத்தைந்தில் கொஞ்சம் தயங்கி எழுந்தது. முப்பதில் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார் நர்ஸம்மா. விரல் மடியிலேயே இருந்தது. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார் மேலாளர். அதே முப்பத்தைந்து. நர்ஸம்மா அட்டையில் எழுதி நீட்டினார். அக்கா அதை வாங்கி, என் முதல் அட்டையின் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்களும் மறைச்சுத்தான் சேர்ந்தீங்களா சார்?"

அவர் முகம் போன போக்கை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

அக்கா போனை எடுத்துக் கூடத்து மேற்பார்வையாளரிடம் ஐந்து நிமிஷம் பிரஸ்ஸையெல்லாம் நிறுத்தச் சொன்னாள். சீறல் அடங்கியது. அப்போதுதான் அந்த அறையில் ஒரு கடிகாரம் ஓடுவது மற்றவர்களுக்குத் தெரிந்தது. நர்ஸம்மா நிமிர்ந்து அதைப் பார்த்ததால் எனக்கும் தெரிந்தது. மறுபடி சோதனை. மேலாளருக்குப் பத்து.

"அந்த முப்பத்தஞ்சு உங்க காது இல்ல சார், இந்தச் சுவர். இங்க உக்காந்தா பத்து உள்ளவனும் முப்பத்தஞ்சு, முப்பது உள்ளவனும் முப்பத்தஞ்சு. அதுக்குக் கீழ என்ன நடந்தாலும் இந்த இரைச்சல் முழுங்கிடும். என் தம்பி முதல் நாலு வருஷம் எவ்வளவு இழந்தான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. அது இரைச்சலுக்கு மேல வந்தப்புறம் நாலு படி தெரிஞ்சுது. அதை என் ஸ்டிக்கர் முழுங்கிடுச்சு."

புள்ளிவிவரம் கைக்குட்டையால் காதைத் துடைத்துக்கொண்டார். "சரி, இதைவிட நல்ல மிஷினா வாங்கிடலாம். ஒவ்வொண்ணா நகர்றது இருக்காம். புள்ளிக்கு அப்புறம்கூட ரெண்டு எண் காட்டுமாம்."

அக்காவின் குரல் இன்னும் இறங்கியது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சந்தைக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, காதுல சொல்ற ரகசியத்தை ஓர் எழுத்து விடாம எழுதப் போறேங்கிறீங்க. படியை எவ்வளவு சின்னதா வெட்டினாலும், இந்த அறையில அது இரைச்சலைத்தான் சார் அளக்கும். இரைச்சலைப் புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எண்ணோட அளந்து வச்சு என்ன பண்ணப் போறீங்க? ஃப்ரேம் போட்டு மாட்டவா?"

கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். என்னைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். "பணியின்போது ஏற்பட்ட குறை" என்று என் பதிவேட்டில் எழுதினார்கள். அக்கா அன்றே ஆலை முழுக்கச் சுற்றித் தன் ஸ்டிக்கரையெல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்தாள். இரண்டு மாதத்தில், கூடத்துக்கு எட்டாத கோடியில், தடித்த கதவு போட்டுப் புதுச் சோதனை அறை கட்டினார்கள். வருஷத்தில் கால்மணி நேரம் உட்காருகிற அறையை அமைதியாக்கிவிட்டார்கள். நாளைக்கு எட்டு மணி நேரம் நிற்கிற கூடம் அப்படியேதான் இருக்கிறது. என் இடத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறார், கல்யாணமாகி ஆறு மாதம். கூடத்துச் சத்தத்தை எப்போது குறைப்பீர்கள் என்று அக்கா வாரா வாரம் எழுதிக் கேட்கிறாள். வாரா வாரம், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வருகிறது. அந்தக் காகிதங்களை நான் பார்த்தால் என்னையும் அறியாமல் பல்லைக் கடிக்கிறேன்.

புது அறையில் எல்லோருக்கும் சோதனை தொடங்குவதற்கு முன், வார விடுமுறை நாளில் அக்கா அதைச் சரிபார்க்கப் போனாள். இந்தத் தடவை மிஷினை எங்கேயும் தூக்கிப் போகவில்லை. "நீயும் வாடா, உனக்கும் பார்த்துடலாம்" என்றாள்.

என் மனசுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சுவர் மேலாளர் காதிலேயே இருபத்தைந்தைத் திருடியது என்றால், என் ஐம்பத்தைந்திலும் கொஞ்சம் சுவருடையதாக இருக்கலாம் அல்லவா. பத்து வேண்டாம், இருபது வேண்டாம். என் மகள் காதோடு வந்து ரகசியம் சொல்லும்போது நான் தலையாட்டுவது முழுக்க நடிப்பு. அதில் ஒரு சொல்லாவது பிடிபட்டால் போதும். இரைச்சல் தனக்குக் கீழே இருப்பதைத்தான் மறைக்கும், மேலே இருப்பதைத் தொடாது என்று அக்காவே சொல்லியிருக்கிறாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆசைப்பட்டேன்.

ஆலை நின்றிருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்து மருந்து அலமாரியின் கண்ணாடியில் அக்காவின் முகமும் கையும் தெரிந்தன. எழுபதில் கேட்டது. அறுபதில் கேட்டது. ஐம்பத்தைந்தில் எங்கோ தூரத்தில் கேட்டது. ஐம்பதில் ஒன்றும் இல்லை.

அக்கா எழுதவில்லை. குமிழை மேலே கொண்டுபோய் மறுபடி முதலிலிருந்து இறக்கினாள். ஐம்பத்தைந்து. ஹெட்போனைக் கழற்றி வேறு ஒன்றைச் சொருகினாள். ஐம்பத்தைந்து. ஒயர் முனையைச் சட்டை ஓரத்தால் துடைத்தாள். கதவைத் திறந்து, மறுபடி அழுத்திச் சாத்தினாள். ஐம்பத்தைந்து. கண்ணாடியில் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மிஷினைத் திட்டுகிறாளா, தன்னையே திட்டிக்கொள்கிறாளா தெரியவில்லை. உள்ளங்கையால் மேஜையில் அடித்தாள். அது மட்டும் எனக்குக் கேட்டது.

அடுத்த முறை அவள் கை குமிழுக்குப் போய், ஒரு படி திரும்பி ஐம்பதில் நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். இவளுக்கு ஒரே ஒரு படியையாவது கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. விரலைத் தூக்கினேன்.

அக்கா எழுந்து வந்தாள். என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, எனக்கு முன்னால் குனிந்து, வாய் நன்றாகத் தெரியும்படி சொன்னாள்.

"நான் இன்னும் பொத்தானை அழுத்தவே இல்லடா."

பிறகு போய் உட்கார்ந்து, அட்டையில் ஐம்பத்தைந்து என்று எழுதினாள்.